குளியலறை மட்டும் நம்முடையது

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சிக் கார்களில் படிப்பவர் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக்கும் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அந்த இரண்டாவது பிரேக்கை ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். இவர் ஆபத்து வருமோ என்று தோன்றினாலே மிதிப்பார். சாலையோரம் ஒரு நாய் படுத்திருந்தால் போதும், அதற்கு எழுந்து நடக்கும் எண்ணம் வரலாம் என்று மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் கழுத்துவலியோடுதான் உரிமம் வாங்கினார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் இதுவரை எதிலும் போய் மோதியதாகத் தகவல் இல்லை. அதைச் சொல்லியே அவர் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வீடு வாங்கியதே அதிசயம். மனைவி மட்டும் பிடித்த பிடியில் நின்றிராவிட்டால் வாடகை வீட்டிலேயே ஆயுளை ஓட்டியிருப்பார். அவள் ஜன்னல் திரை தைக்கும் கடையில் தையல் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஜன்னல்களின் நீள அகலம் அவள் மடியில் புரண்டுகொண்டிருக்கும். மாலையில் வீடு திரும்பினால், ஜன்னல் கம்பியில் ஒரு பழைய போர்வை தொங்கும். எனக்கென்று ஒரு ஜன்னல் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் தனியாக யாரும் விற்பதில்லை என்பதால் வீட்டோடு சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று.

மாஸ்டரின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து அவருக்கு வாடகை வீடுதான். அவருடைய அப்பா சாதுவான மனிதர், ஹவுஸ் ஓனர் என்ற பேச்சு காதில் விழுந்தாலே எழுந்து நிற்பவர். ஒவ்வொரு வீட்டைக் காலி பண்ணும்போதும் ஓனர் டார்ச் விளக்கோடு வந்து சுவர் சுவராக ஆணித் துளை தேடுவார். துளைக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். அதற்கு முந்தின நாள் அப்பா பற்பசையை விரலில் எடுத்து ஒவ்வொரு துளையாக அடைத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, பச்சை நிறப் பற்பசை வாங்கிவிட்ட மாதத்தில் காலி பண்ண நேர்ந்து, வசமாக மாட்டிக்கொண்டார். இப்படி வளர்ந்தவருக்குச் சுவர் என்றாலே அது அடுத்தவர் சொத்து.

வாங்கியது, பழைய குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை, அவ்வளவுதான். சேமிப்பை எல்லாம் வழித்துப் போட்டு முன்பணம் கட்டினார்கள். மீதிக்கு இருபது வருஷத் தவணையில் வங்கி கடன் கொடுத்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்ததும், கடன் பிரிவு அதிகாரியாக இருந்த இளம்பெண் சிரித்த முகத்தோடு, இனிமேல் இது உங்கள் வீடு என்றாள். கடைக்காரர்கள் “இது உங்க கடை மாதிரி” என்று சொல்வார்களே, அந்த வகை மரியாதைப் பேச்சு என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். அவர் கண் எல்லாம் பத்திரத்தின் மேல் இருந்தது. அவள் அதை வாங்கி ஓர் உறையில் போட்டு உள்ளே கொண்டுபோனாள். பீரோ பூட்டுகிற சத்தமும் கேட்டது. பத்திரம் யார் பீரோவில் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று மாஸ்டர் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

குடிவந்த வாரமே சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. மாஸ்டர் வங்கிக்குப் போன் போட்டு, கடன் எண்ணைச் சொல்லி, உங்கள் குழாய் ஒழுகுகிறது என்று பணிவாகத் தெரிவித்தார். அந்தப் பக்கமிருந்து, சார் அது உங்கள் குழாய், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மாஸ்டர் மனைவியிடம், “எல்லா ஓனரும் இதைத்தான் சொல்வாங்க” என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீடு நம்முடையது, வங்கி கொடுத்தது கடன் மட்டும்தான் என்று எடுத்துச் சொன்னாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். மாஸ்டர் ஒவ்வொரு முறையும், அப்படியானால் பத்திரம் ஏன் அவர்களிடம் இருக்கிறது என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். தவணை கட்டும் நாளன்று வீட்டைப் பெருக்கித் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாடகை நாளில் ஓனர் வருவது வழக்கமாயிற்றே. இங்கே யாரும் வரவில்லை. இந்த ஓனர் தங்கமான ஆள், வந்து நின்று மூக்கை நுழைப்பதில்லை என்று அதற்கும் ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார்.

முதல் வருஷம் முடிந்தபோது வங்கியிலிருந்து கணக்கு வந்தது. அதைப் பார்த்து மாஸ்டருக்கு மயக்கம் வராத குறை. மாதா மாதம் கட்டிய தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருந்தது. அசல், வைத்த இடத்தில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வட்டி என்பது வேறு ஒன்றுமில்லை, வாடகைதான் என்று அவருக்குப் பட்டது. தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டினால் மட்டும்தான் பணம் நேராக அசலில் போய்க் கழிகிறது. ஆகவே தவணை என்பது வாடகை, கூடுதலாகக் கட்டுவதுதான் வீடு. இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து அவருடைய பெருந்திட்டம் பிறந்தது. இருபது வருஷக் கடனை ஒன்பதே வருஷத்தில் முடித்துவிடுவது. அதற்காக விடியற்காலையில் ஒரு வகுப்பு, இருட்டின பிறகு ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வகுப்பு. வீட்டில் அவர் இருக்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடனை முடிக்க வேண்டும் என்பதில் மனைவிக்கும் மறுப்பு இல்லை. அவளும் கடைக்கு நடந்தே போய் வண்டிச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்தாள்.

வில்லங்கம் வந்தது அடுத்த யோசனையில். கூடுதலாகக் கட்டுவதுதான் வீடு என்றால், இதுவரை கட்டியது வீட்டில் எந்தப் பகுதி? மாஸ்டர் விலையைச் சதுர அடியால் வகுத்தார். முன்பணம் அஸ்திவாரத்துக்கும் மேல்கூரைக்கும் போய்விட்டதாக வைத்துக்கொண்டார். மேலே கட்டுகிற ஒவ்வொரு தொகைக்கும் இத்தனை சதுர அடி என்று, காரை நிறுத்தப் பழக்குவதற்குத் தரையில் கோடு போடும் அதே சாக்கட்டியால் வீட்டுத் தரையில் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் வங்கியுடையது. சின்ன இடமாக இருப்பதால் சீக்கிரம் முடியும் என்று குளியலறையில் தொடங்கினார். அடுத்து சமையலறை, அப்புறம் ஹால். கடைசியில் படுக்கையறை. கண்ணை மூடித் தூங்குகிற இடம் யாருடையதாக இருந்தால் என்ன என்பது அவர் வாதம்.

குளியலறை முழுசாகக் கைக்கு வந்த அன்று மாஸ்டர் பக்கத்து வீட்டிலிருந்து சுத்தியல் வாங்கி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுவரில் ஆணி அடித்தார். அடித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கியது. பிறகு ஆசை அடங்கவில்லை. அடுத்தடுத்து அடித்துத் தள்ளினார். அதன் விளைவு என்னவென்றால், அந்த வீட்டில் சுவரில் மாட்டவேண்டிய பொருள் எல்லாம் குளியலறையில் தொங்கியது. கடிகாரம், நாட்காட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, கல்யாணப் புகைப்படம், பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் வரைந்த படங்கள் எல்லாம் அங்கேதான். மணி பார்க்க வேண்டுமானால் உள்ளே குளிப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் தினமும் நனைந்தார்கள். மகள் வரைந்த கடலில் அலை ஒழுகிப் படகையும் கரைத்துவிட்டது.

வங்கியின் ஹால் மட்டும் பளிச்சென்று இருந்தது. நாற்காலிக் கால்கள் தரையில் கீறிவிடக்கூடாது என்று மாஸ்டர் அவற்றுக்குத் தன் பழைய காலுறைகளைப் போட்டுவிட்டிருந்தார். நாலு நாற்காலியும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினது போல நிற்கும். ஹால் ஜன்னல் பெரியது, காலை வெயில் நேராக உள்ளே வரும் ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் அவள் இந்த வீட்டுக்கே சம்மதித்தாள். அதில் இப்போது பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. திரைக்குக் கம்பி போட இரண்டு துளை போட வேண்டும், வங்கிச் சுவரில் அது நடக்காத காரியம்.

மனைவிக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. தரை துடைக்கும்போது வேண்டுமென்றே கோட்டை அழித்துவிடுவாள். மாஸ்டர் மறுபடி அளந்து போடுவார், அதுவும் வங்கிக்குக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுப் போடுவார். சமையலறையில் கோடு பாதி வந்து நின்றபோது, பாத்திரம் கழுவும் இடம் நம்முடையது, அடுப்பு வங்கியுடையது என்றானது. அப்படியானால் சமையலை வங்கி மேனேஜர் வந்து செய்யட்டும் என்று அவள் ஒரு நாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டரே சமைத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு அந்தப் போராட்டத்தை அவள் மறுபடி நடத்தவில்லை.

ஆனால் கடையில் அவளுக்கு வேறொரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. அங்கே துணி வெட்டுகிற மூத்த பெண்ணை எல்லோரும் கட்டிங் அக்கா என்பார்கள். கத்தரியும் நாக்கும் ஒரே கூர்மை. வீடு வாங்கிய செய்தி கேட்டதிலிருந்து அக்காவும் தையல் மேஜைப் பெண்களும் எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஹால் ஜன்னலுக்கு என்ன துணி போட்டிருக்கிறாய் என்று ஒரு நாள் யாரோ கேட்டுவிட்டார்கள். இவள் கூச்சத்தில், நீலச் சாம்பல் நிறத்தில் உள்துணி வைத்து இரட்டைத் திரை என்று சொல்லிவிட்டாள். அது முழுப் பொய் இல்லை. கடையில் மிஞ்சிய துணியைக் குறைந்த விலைக்கு வாங்கி, மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து, அந்தத் திரையை அவள் தைத்து முடித்திருந்தாள். அது பெட்டியில் மடித்தபடி கிடந்தது. மிச்சத் துணியில் ஒரு சாண் அகலத்துக்குக் குட்டித் திரை ஒன்று தைத்துக் குளியலறை ஜன்னலில் மாட்டியிருந்தாள். அதிலும் உள்துணி, மடிப்பு எல்லாம் உண்டு.

பெயிண்ட் வாசனை, விருந்தாளி, காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லிச் சாக்குகள் தீர்ந்துபோயின. வருகிற ஞாயிறு நாங்கள் வருகிறோம், நீ தேநீர் மட்டும் போடு என்று கட்டிங் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். அன்று மாலை மாஸ்டர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவி எதிரே வந்து நின்றாள்.

“என்னங்க, ஹால் ஜன்னலுக்கு ரெண்டே ரெண்டு ஓட்டை.”

“ஹாலுக்கு நாலாம் வருஷம்தாம்மா முறை.”

“நான் ஊருல இருக்கிற வீட்டுக்கெல்லாம் கர்ட்டன் தைக்கிறேன். என் வீட்டு ஜன்னல்ல பேப்பர் ஒட்டியிருக்கு. அவங்க வந்து பார்த்தாங்கன்னா, திங்கக்கிழமை நான் எந்த முகத்தோட கடைக்குப் போவேன்?”

மாஸ்டருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் கால் பிரேக்கில் இருந்தது. ஒரு துளை போட்டால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, கடைசியில் வங்கி ஆள் டார்ச்சோடு வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? குளியலறையில்தான் அழகான திரை இருக்கிறதே, அதைக் காட்டு என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை வரை வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறன்று மாஸ்டர் ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் பின்பக்கமாக வண்டி எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பிரேக்குக்குப் பிறகு அந்த மனிதர், தலை சுற்றுகிறது, மாத்திரை போட வேண்டும் என்று பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு நேரம் இருந்தது. மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார். வாசலில் பெண்களின் செருப்புகள் குவிந்திருந்தன. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு.

எட்டிப் பார்த்தார். பெண்கள் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு குளியலறை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் திரையைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தையும் கல்யாணப் படத்தையும் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாகப் போன கட்டிங் அக்கா வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்து, துணி நன்றாக விழுந்திருக்கிறது என்று முதலில் தொழிலைப் பாராட்டினாள். பிறகு காலுறை போட்ட நாற்காலியையும் செய்தித்தாள் ஒட்டிய ஜன்னலையும் பார்த்தாள்.

“ஏண்டி, ஹாலைக் கொண்டுபோய் பாத்ரூம்ல வெச்சிருக்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரின் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வீடு வாங்கலக்கா. வாடகைதான். சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் பொய் சொல்லிட்டேன்.”

கட்டிங் அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். இதற்கா இவ்வளவு மறைத்தாய் என்று அவள் தோளைத் தட்டினாள். “ஒரு ஆணி அடிக்க விடமாட்டானா உங்க ஓனரு? என்ன ஜென்மமோ. அவன் குடும்பம் இந்தப் பேப்பரை ஒட்டிக்கிட்டு உட்காரட்டும், அப்போ தெரியும். கஞ்சப் பயல்.” மற்ற பெண்களும் தங்கள் தங்கள் ஓனர்களை நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வசவு சேர்த்தார்கள்.

வாசலுக்கு வெளியே நின்ற அந்தக் கஞ்சப் பயல் சத்தம் போடாமல் படி இறங்கினார். தண்ணீர் தாகம் போன இடம் தெரியவில்லை. ஞாயிறுகளை எல்லாம் விற்று, சதுர அடி சதுர அடியாக அவர் வாங்கிக்கொண்டிருந்த வீட்டை, இது எங்கள் வீடு இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. வீடு வாங்கியவள் என்ற பெருமையைவிட வாடகைக்காரி என்ற பொய்யே மேல் என்று அவளுக்கு ஆகிவிட்டதே, அதுதான் நெஞ்சை அறுத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலை வகுப்பில் படித்த பெண், மாஸ்டர் ஒருமுறைகூடப் பிரேக் போடவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை வங்கி திறக்கும்போதே மாஸ்டர் வாசலில் நின்றார். அதே கடன் அதிகாரிதான். அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், குளியலறையும் பாதி சமையலறையும் முடிச்சுட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்குங்க. அதுக்குப் பதிலா ஹால்ல ஜன்னல் இருக்கிற பக்கத்தை மட்டும் குடுத்துடுங்க.”

அதிகாரி கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். அவர் நிதானமாகச் சாக்கட்டிக் கோட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த மேஜைக்காரர் வேலையை விட்டுவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சார், உங்க வீட்டுல பேங்க்குக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது” என்றாள் அவள். “நீங்க எங்களுக்குப் பணம் தரணும், அவ்வளவுதான். பத்திரம் அடமானமா இருக்கு. நகையை அடகு வெச்சா, அது அடகுக்காரர் நகை ஆயிடுமா?”

“ஆகாது.”

“பதிவு பண்ண அன்னிக்கே முழு வீடும் உங்க ரெண்டு பேருது.”

“ரெண்டு பேருதா?”

“உங்க மனைவியும்தானே சார் கையெழுத்து போட்டாங்க.”

இதே வார்த்தைகளை இரண்டு வருஷமாக வீட்டில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபோது அது பெண்டாட்டியின் பேச்சாக இருந்தது, மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததும் சட்டமாகிவிட்டது. அவளுடைய சொந்தச் சுவரில் இரண்டு துளை போட அவள் தன்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதோடு இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. வெளிச்சுவரில் இருந்த ஒரு விரிசலை வங்கி வந்து பூசும் என்று அவர் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தார். அந்த விரிசலும் அவருடையதுதான்.

எழுந்திருக்கும்போது, ஆணி அடிக்கலாம் என்று வங்கி முத்திரையோடு ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பழக்க தோஷம். அதிகாரி, கூடுதலாகக் கட்டுவது நல்ல விஷயம், தாராளமாகத் தொடருங்கள், ஆனால் தயவுசெய்து இப்போது வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

மாலை வகுப்பை ரத்து செய்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். ஹால் நம்முடையதுதானாம், வங்கியில் விசாரித்துவிட்டேன் என்று நற்செய்தி சொல்வது போலச் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார், பாவம்.

“விசாரிச்சீங்களா?” என்றாள் அவள். “ரெண்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்?”

அங்கே ஆரம்பித்தது. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அதுவரை நடந்த சண்டைகள் எல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தவை. வாடகை வீட்டில் மாடியிலோ கீழேயோ ஓனர் இருப்பார், அவர் காதில் விழக்கூடாது. பழக்கப்படி மாஸ்டர் விரலை உதட்டில் வைத்து, மெதுவாகப் பேசு என்றார்.

“எதுக்கு மெதுவா? யாரு வந்து காலி பண்ணச் சொல்லப் போறா?”

மாஸ்டர் விரலை உதட்டிலிருந்து எடுத்தார். அவள் ஹாலின் நடுவில் நின்று, செய்தித்தாள், காலுறை, சாக்கட்டி, விற்றுப்போன ஞாயிறுகள், குளியலறை வாசலில் நின்ற வரிசை என்று ஒன்று விடாமல் எடுத்து, முழுத் தொண்டையில் கொட்டித் தீர்த்தாள். கீழ்வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள். மகள் படுக்கையறையிலிருந்து வந்து நின்று, அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதை ஆச்சரியமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டருக்கும் தொண்டை திறந்தது. ஒன்பது வருஷத் திட்டத்தை விடமாட்டேன் என்று அவர் கத்த, ஒன்பது வருஷம் கழித்து நானும் மகளும் யாரோடு இந்த வீட்டில் இருப்பது என்று அவள் கத்தினாள். அவர் பத்து என்றார். அவள் பதினைந்து என்றாள். பேரம் நடந்து, ஞாயிறு வகுப்பு கிடையாது, இருட்டின பிறகும் கிடையாது, விடியற்காலை வகுப்புப் பணம் மட்டும் கூடுதலாகப் போகட்டும், பன்னிரண்டு வருஷம் என்று முடிந்தது. முடிந்தபோது இருவருக்கும் குரல் கட்டியிருந்தது. அவள் சுடுதண்ணீர் வைத்து அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள்.

ஜன்னலுக்குத் துளை போட மறுநாளே ஆள் வந்தான். ஆனால் அவள் பெட்டியிலிருந்து திரையை எடுக்கவில்லை. கடையில் வாடகை வீடு என்று சொல்லியாகிவிட்டது, அங்கே அதை நேராக்காமல் இங்கே நான் எதை மாட்டி என்ன என்றாள். மாஸ்டர் வருகிறேன் என்றார். எங்கே என்று கேட்டாள். உன் கடைக்கு என்றார்.

கடையின் தையல் கூடத்துக்குள் ஆண்கள் பொதுவாக நுழைவதில்லை. துணிக் கட்டுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, மேஜைகளைத் தாண்டி, மனைவி முன்னே நடக்க மாஸ்டர் போய் கட்டிங் அக்காவின் எதிரே நின்றார். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அக்கா, அந்த வீடு எங்க சொந்த வீடுதான். இவ பேருலயும் இருக்கு. எனக்காகத்தான் வாடகைன்னு சொல்லிட்டா.” அவருடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை ஒருமுறை மிதித்தது. “ஆணி அடிக்க விடாத ஓனர் நான்தான்.”

கட்டிங் அக்கா கத்தரியைக் கீழே வைக்காமலே அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தாள். ஞாயிறன்று தான் சொன்ன வசவுகளை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தேசம் அவள் முகத்தில் தெரியவில்லை.

“இந்த ஆளை எப்போடி காலி பண்ணப் போறே?” என்று மாஸ்டரின் மனைவியைக் கேட்டாள்.

அவள் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, பாதியில் விட்ட துணியை ஊசிக்கு நேராக இழுத்து வைத்தாள்.

“இருந்துட்டுப் போகட்டும்க்கா” என்றாள். “தவணையை ஒழுங்கா கட்டுறாரு. கேட்கலேன்னாலும் கொஞ்சம் கூடவே கட்டுறாரு.”